வாரத்துக்கு எத்தனை மணி நேரம் டியூஷன்? விடைத்தாளில் இருந்து கணக்குப் போடுவது எப்படி

டியூஷன் எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் மார்க் ஷீட்தான் முடிவு செய்கிறது. மார்க் குறைந்தால் டியூஷன். இன்னும் குறைந்தால் இன்னும் கொஞ்சம் டியூஷன். ஆனால் கணக்கில் 58 எடுத்த இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு வாரம் மூன்று வகுப்பு தேவைப்படலாம், இன்னொருவருக்கு ஒன்றுகூடத் தேவைப்படாமல் இருக்கலாம். மொத்த மார்க் அந்த வித்தியாசத்தைச் சொல்லாது. விடைத்தாள் சொல்லும்.

அதனால் டியூஷன் ஆசிரியரைத் தேடுவதற்கு முன்னால், அந்தப் பாடத்தின் கடைசி மூன்று விடைத்தாள்களை எடுத்து வையுங்கள். ஒரே தாளை நம்ப வேண்டாம், அன்றைய காய்ச்சலும் தலைவலியும் அதில் கலந்திருக்கும். மார்க் போன ஒவ்வோர் இடத்திலும், ஏன் போனது என்று ஓரத்தில் ஓர் எழுத்துப் போடுங்கள். பாடமே புரியவில்லை என்றால் ‘பு’. ஒரு காலத்தில் தெரிந்து இப்போது மறந்துவிட்டது என்றால் ‘ம’. தெரிந்தும் கைதவறியது ‘க’. நேரம் போதாமல் விட்டது ‘நே’. கேள்வியையே தப்பாகப் படித்தது ‘கே’. பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது. குறுக்கு விசாரணை மாதிரி ஆகிவிட்டால் எல்லாத் தப்புக்கும் ‘கவனக்குறைவு’ என்ற பதில்தான் வரும், ஏனென்றால் அதுதான் சொல்ல எளிது, கேட்கவும் ஆறுதல்.

இந்தக் ‘க’ எழுத்தை மட்டும் லேசில் நம்பாதீர்கள். அதே கேள்வியை, எண்ணை மட்டும் மாற்றி, வெள்ளைத்தாளில் கொடுத்துப் பாருங்கள். உதவியில்லாமல் சரியாக வந்தால் அது கைதவறல்தான். மறுபடியும் அதே இடத்தில் தப்பு வந்தால் அது ‘பு’. மைனஸ் 7-உடன் 3-ஐக் கூட்டி மைனஸ் 10 என்று மூன்று தாளிலும் எழுதியிருக்கும் பிள்ளைக்குக் கவனம் குறையவில்லை. மைனஸ் எண்கள் தெரியவில்லை.

எடுத்துக்காட்டாக, 50 மார்க் தாள் மூன்று, மொத்தம் 150. எடுத்தது 87, போனது 63 என்று வைத்துக்கொள்வோம். பிரித்துப் பார்த்தால் ‘பு’ 29, ‘ம’ 14, ‘க’ 9, ‘நே’ 8, ‘கே’ 3 என்று வருகிறது. இதில் டியூஷன் நேரடியாகத் தீர்க்கக்கூடியது அந்த 29 மட்டும்தான். மறந்துபோன 14-க்கு மறுபடி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பழைய பாடத்தில் இருந்து தினமும் நாலு கணக்கு போட்டாலே திரும்பி வந்துவிடும். நேரம் போதாத 8-க்கு கடிகாரம் வைத்துக்கொண்டு முழுத்தாள் எழுதிப் பழக வேண்டும். கைதவறிய 9-க்கு, விடையை வந்த வழியே திரும்பிப் போய்ச் சரிபார்க்கும் பழக்கம். இவை எல்லாவற்றையும் டியூஷன் ஆசிரியர் மேற்பார்வையில் செய்ய வைக்கலாம் என்பது உண்மை. ஆனால் கடிகாரத்தைப் பார்ப்பதற்கு ஓர் ஆசிரியர் தேவையா என்று யோசியுங்கள். கணக்கு இதற்கு நேர்மாறாக வந்து, ‘பு’ 6, ‘ம’வும் ‘நே’யும் சேர்ந்து 45 என்றால், டியூஷன் நேரம் பூஜ்யம் என்று எழுதிவிட்டு மேலே படிக்காமலே நிறுத்திக்கொள்ளலாம்.

‘பு’ அதிகம் என்றால் அடுத்த வேலை, பள்ளம் எவ்வளவு ஆழம் என்று பார்ப்பது. இதில்தான் மணி நேரக் கணக்கே அடங்கியிருக்கிறது. சமன்பாடு வரவில்லை என்று சொல்லும் பிள்ளைக்குச் சமன்பாட்டிலேயே சிக்கல் இருப்பது குறைவு. அடைப்புக்குறியை விரிக்கத் தெரிந்திருக்காது. அதற்குக் கீழே மைனஸ் எண்கள். அதற்கும் கீழே பின்னம்: அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று எழுதும் கை (மேலே இருப்பதை மேலேயும், கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிடுவது), அதை எந்த வகுப்பில் போனாலும் எழுதிக்கொண்டேதான் இருக்கும். எனவே இப்போதைய பாடத்தில் தொடங்கி, அதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கி எழுதுங்கள். பத்துப் பன்னிரண்டு வரும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கேள்வி. ஐந்தில் நாலு சரி என்றால் அந்தப் படி உறுதி. அதற்குக் குறைந்தால் ஓட்டை. ஐம்பது அறுபது கேள்வியை ஒரே மூச்சில் கொடுக்காமல் இரண்டு மூன்று நாளாகப் பிரித்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் கடைசிப் பக்கத்தில் களைப்பைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

ஒன்பது ஓட்டை இருக்கிறது என்று வைப்போம். ஓர் ஓட்டையை அடைக்கச் சராசரியாக இரண்டு வகுப்பு: ஒன்றில் புரியவைத்தல், அடுத்ததில் கலந்து போட்டுப் பார்த்தல். ஒன்பதுக்குப் பதினெட்டு. இடையிடையே பழையதைத் திருப்பிப் பார்க்க இன்னும் நாலு சேர்த்தால் 22 வகுப்புகள். வாரம் மூன்று என்றால் ஏழெட்டு வாரத்தில் முடிந்துவிடும். வாரம் ஒன்று என்றால் 22 வாரம், அதாவது ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்தில் பள்ளியில் பாடம் நின்றுகொண்டிருக்காது. அஸ்திவாரம் இல்லாமல் கேட்கும் ஒவ்வொரு புதுப் பாடமும் புதிதாக ஓர் ஓட்டையைச் சேர்க்கும். ஆழமான பள்ளத்துக்கு வாரம் ஒரு வகுப்பு வைத்து வருஷம் முழுக்க இழுப்பதுதான், காசும் நேரமும் அதிகம் செலவாகி மிகக் குறைவாகப் பலன் தரும் ஏற்பாடு. அதே 22 வகுப்பை நெருக்கி வைத்து, முடித்து, நிறுத்திவிடுவது எவ்வளவோ மேல். ஓட்டை இரண்டு மூன்றுதான் என்றால் ஆறேழு வகுப்பு. அவ்வளவுதான். அதற்கு வருடச் சேர்க்கை எதற்கு?

‘பு’ குறைவாக இருந்தும், பாடத்தை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும் என்ற நிலையும் உண்டு. பாடம் பெரும்பாலும் புரிகிறது, ஒவ்வோர் அலகிலும் ஓரிரண்டு இடம் மட்டும் இடறுகிறது என்றால் வாரம் ஒரு மணி நேரம், பிள்ளை எழுதி வைத்திருக்கும் சந்தேகப் பட்டியலோடு. பட்டியல் காலியாக இருக்கும் வாரத்தில் வகுப்பு வேண்டாம். எண்பத்தைந்து, தொண்ணூறு எடுக்கும் பிள்ளைக்குத் தொண்ணூற்றைந்து வேண்டும் என்று வாரம் நாலு நாள் அனுப்புவது எனக்குப் புரியாத விஷயம். அந்த மார்க்கில் மிச்சமிருப்பது தாள் எழுதுவதும், எழுதிய தாளை யாராவது கறாராகத் திருத்திக் கொடுப்பதும்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் போதும்.

இனி, அந்த நேரம் எங்கிருந்து வரும்? ஒரு வாரத்தில் 168 மணி நேரம். அமெரிக்க உறக்க மருத்துவ அமைப்பு 2016-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி 13 முதல் 18 வயதுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு 9 என்று வைத்தால் வாரத்துக்கு 63. பள்ளியும் போக வரவும் சேர்ந்து நாளைக்கு 8, ஐந்து நாளைக்கு 40. குளியல், சாப்பாடு, மற்ற வேலைகள் நாளைக்கு 3, ஆக 21. ஹோம்வொர்க் பள்ளி நாள்களில் 2 மணி, ஆக 10. விளையாட்டு, நண்பர்கள், சும்மா இருப்பது நாளைக்கு 2, ஆக 14. மொத்தம் 148. மிச்சம் 20 மணி நேரம் இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம். பள்ளி நாளை மட்டும் கூட்டிப் பாருங்கள்: 9, 8, 3, 2, 2. சரியாக 24. மிச்சம் இருக்கும் 20-உம் விடுமுறை நாள் இரண்டிலும்தான். ஆறு நாள் பள்ளி என்றால் அதிலும் பாதி போய்விடும்.

அதாவது பள்ளி நாளில் வைக்கும் டியூஷன் ஒவ்வொன்றும் தூக்கத்தில் இருந்தோ, விளையாட்டில் இருந்தோ, ஹோம்வொர்க்கில் இருந்தோதான் பிடுங்கப்படுகிறது. எதில் இருந்து என்று நீங்கள் முடிவு செய்யாவிட்டால் தூக்கம் தானாகப் பலியாகும். அன்று கற்றதை மூளை நிலைநிறுத்திக்கொள்வதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இரவு பதினொன்று வரை சொல்லிக்கொடுத்துவிட்டு அந்தத் தூக்கத்தைக் குறைத்தால், கற்றுக்கொடுத்ததில் ஒரு பகுதியை நீங்களே அழித்த மாதிரி. வாரம் மூன்று வகுப்பு தேவை என்று கணக்கு வந்தால், இரண்டை விடுமுறை நாள்களில் வையுங்கள். ஒன்றை மட்டும் வாரத்தின் நடுவில், ஹோம்வொர்க் குறைவான நாளாகப் பார்த்து, முக்கால் மணி நேரமாக. எதை விட்டுக்கொடுக்க விருப்பம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். கேட்காமல் விளையாட்டு நேரத்தில் வைத்த வகுப்பில் உடம்பு மட்டும்தான் போய் உட்கார்ந்திருக்கும்.

நீளத்தைவிட இடைவெளி முக்கியம். ஒரே நாளில் இரண்டே கால் மணி நேரம் என்பதைவிட முக்கால் மணி நேரம் மூன்று தடவை நல்லது. முதல் காரணம் கவனம்: தொடக்கப் பள்ளி வயதில் அரை மணி, நடுநிலையில் 45 நிமிடம், மேல்வகுப்பில் ஒரு மணியோ ஒன்றேகாலோ. ஒன்றரை மணியைத் தாண்டினால் மீதி நேரம் பெரும்பாலும் ஆசிரியருடைய குரல்தான். இன்னொரு காரணம் மறதி. பாதி மறந்த நிலையில் மறுபடி நினைவுக்குக் கொண்டுவரும் அந்தச் சிரமம்தான் பாடத்தை ஆழமாகப் பதியவைக்கிறது. ஒரே உட்காரலில் அதற்கு வாய்ப்பே இல்லை.

தனிப்பட்ட டியூஷன் அற்புதம் செய்யும் என்பதற்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது பெஞ்சமின் புளூம் 1984-இல் எழுதிய கட்டுரை. தனி ஆசிரியரிடம் படித்த சராசரி மாணவர், வகுப்பறையில் படித்தவர்களைவிட இரண்டு திட்ட விலக்கம் (மார்க்குகள் சராசரியில் இருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) மேலே போனார் என்பது அதன் கூற்று. நூறு பேரில் ஐம்பதாவதாக இருப்பவர் இரண்டாம் மூன்றாம் இடத்துக்கு வருவது மாதிரி. ஆனால் அவை சில வாரங்களே நடந்த சோதனைகள். முந்தைய பகுதியை முழுமையாகத் தேறினால்தான் அடுத்தது என்ற கட்டுப்பாடும் அவற்றில் இருந்தது. பிறகு கர்ட் வான்லேன் 2011-இல் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது கிடைத்தது 0.79 திட்ட விலக்கம். நிக்கோவ், ஒரியோபுலோஸ், க்வான் மூவரும் 2020-இல் 96 ஆய்வுகளைத் தொகுத்தபோது 0.37. இது ஐம்பதாவது இடத்தில் இருந்து ஏறக்குறைய முப்பத்தாறாவது இடத்துக்கு வருவது. சின்ன விஷயம் அல்ல, ஆனால் அற்புதமும் அல்ல. பள்ளி நேரம் முடிந்த பிறகு நடந்தவற்றைவிடப் பள்ளி நேரத்துக்குள் நடந்த வகுப்புகளுக்குப் பலன் கூடுதல் என்பதும் அந்தத் தொகுப்பில் தெரிந்தது. களைத்துப் போன மாலையில் கூடுதலாக ஒரு மணி நேரம் சேர்க்கும் முன் நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி.

எண்ணிக்கையை முடிவு செய்தபின் அதற்கு ஒரு மேல்வரம்பு போடுங்கள். என் கணக்கு இது: ஒரு மணி நேர டியூஷனுக்கு அடுத்த வகுப்புக்குள் குறைந்தது ஒரு மணி நேரம் பிள்ளை தனியாக, யார் உதவியும் இல்லாமல் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். அந்த நேரம் கிடைக்காவிட்டால் டியூஷனைக் குறைக்க வேண்டும், கூட்டக் கூடாது. வாரத்தில் தனிப்படிப்புக்கு மூன்று மணிதான் கிடைக்கிறது என்றால் டியூஷனும் மூன்று மணிக்கு மேல் போகக் கூடாது. ஒரே சமயத்தில் இரண்டு பாடத்துக்கு மேல் வேண்டாம். ஆழமான பள்ளம் என்றால் ஒன்றே போதும், அதை முடித்துவிட்டு மற்றது.

இதெல்லாம் ஒருவருக்கு ஒருவர், அல்லது ஒரே நிலையில் உள்ள மூன்று நாலு பேர் என்ற அளவுக்கான கணக்கு. இருபது பேர் உட்காரும் இடம் இன்னொரு வகுப்பறைதான்; ஒன்பது ஓட்டையையும் யாரும் அங்கே தேடிப் பார்க்க மாட்டார்கள். எந்த அளவிலான குழுவாக இருந்தாலும் ஒரு சோதனை உண்டு. ஒரு மணி நேரத்தில் பிள்ளையின் பென்சிலோ வாயோ எத்தனை நிமிடம் வேலை செய்தது? முப்பதுக்குக் குறைவு என்றால் நேரத்தை இரட்டிப்பாக்கினாலும் அதே கதைதான்.

கெட்டுப்போகும் விதங்களில் முதலிடம் ஹோம்வொர்க்குக்கு. டியூஷனில் உட்கார்ந்து ஆசிரியர் துணையோடு ஹோம்வொர்க் முடித்தால் நோட்டு பளபளவென்று இருக்கும், பரீட்சையில் மட்டும் மார்க் அசையாது. நோட்டுக்கும் பரீட்சைக்கும் இடைவெளி விரிந்துகொண்டே போனால் அங்கே என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். அடுத்தது, பள்ளிப் பாடத்துக்கு முன்னாலேயே டியூஷனில் நடத்திவிடுவது. ஒரு வாரம் முந்தினால் பரவாயில்லை. இரண்டு மாதம் முந்தினால் பள்ளியில் நாளைக்கு ஆறேழு மணி நேரம் ‘இது தெரிந்ததுதானே’ என்று கேட்காமல் உட்கார்ந்திருக்கும் பழக்கம் வந்துவிடும். ‘டியூஷனில் பார்த்துக்கலாம்’ என்று பிள்ளை சொல்லத் தொடங்கினால், கூட்டிய நேரம் ஏற்கெனவே இருந்த நேரத்தைத் தின்கிறது என்று அர்த்தம். பள்ளி ஆசிரியரும் டியூஷன் ஆசிரியரும் ஒரே கணக்குக்கு இரண்டு வெவ்வேறு முறைகளைச் சொல்லிக்கொடுப்பதும் தொல்லைதான், முக்கியமாகச் சின்ன வகுப்புகளில். அடிப்படை உறுதியாகும் வரை பள்ளி முறையிலேயே போகச் சொல்லுங்கள்.

சில நேரம் சிக்கலே வேறு. ஒரு பாடத்தில் மட்டும் இறங்கினால் பாடத்தைப் பாருங்கள். எல்லாப் பாடத்திலும் திடீரென்று ஒன்றாக இறங்கினால் பிள்ளையைப் பாருங்கள். கரும்பலகை தெரியாத கண், சரியாகக் கேட்காத காது, தூக்கமின்மை, வகுப்பில் யாரோ கொடுக்கும் தொந்தரவு, புதிதாக மாறிய பயிற்று மொழி. வெறும் கூட்டல் கழித்தல் சரியாக வந்து, வாக்கியக் கணக்கு மட்டும் தொடர்ந்து தப்பினால் ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தட்டுத் தடுமாறினால் சிக்கல் வாசிப்பில். டிஸ்லெக்ஸியா மாதிரி வாசிப்புக் குறைபாடு இருந்தால் அதற்கென்று பயிற்சி பெற்றவர் வேண்டும். அதே பாடத்தை அதே முறையில் கூடுதலாக நாலு மணி நேரம் நடத்துவது பிள்ளையை வதைப்பதாகத்தான் முடியும்.

தொடங்கியபின் அளவு சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வகுப்பு முடிந்த கையோடு கேட்டால் எல்லாம் தெரியும். 2006-இல் ரோடிகர், கார்பிக் இருவரும் செய்த சோதனையில், ஒரு பத்தியைப் படித்துவிட்டு மறுபடியும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து 42. படித்ததைத் தாங்களே நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்கள் முதலில் 75, ஒரு வாரம் கழித்து 56. எனவே ஒரு வாரம் கழித்துத்தான் சோதிக்க வேண்டும், ஆசிரியர் முன்னறிவிப்பு இல்லாமல், ஐந்தே கேள்வி. இதோடு தொடக்கத்திலேயே ஒரே கடினத்தில் 20 கேள்வித் தாள் மூன்று தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தொடங்கும் முன், ஒன்று நாலாவது வார முடிவில், மற்றொன்று எட்டாவது வாரத்தில்.

தொடக்கத்தில் 20-க்கு 6 இருந்தது நாலு வாரத்தில் 11 அல்லது 12 ஆனால் அளவு சரி, தொடரலாம். 8-இலேயே நின்றால் மணி நேரத்தைக் கூட்ட வேண்டாம். தனிப்படிப்பு நடக்கிறதா, பென்சில் யார் கையில் இருக்கிறது, பள்ளத்தின் அடிவரை போனார்களா என்று பாருங்கள். இவை சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் ஆசிரியரை மாற்றுங்கள். 17-ஐத் தொட்டுவிட்டால் குறைக்கத் தொடங்கும் நேரம். இங்கேதான் பல பேர் ‘நன்றாகப் போகிறதே, ஏன் நிறுத்த வேண்டும்’ என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதற்காகவே, சேர்க்கும்போதே ஆசிரியரிடம் இரண்டு கேள்வி கேட்டு வைப்பது நல்லது: என்னென்ன ஓட்டை என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், எப்போது நிறுத்தலாம் என்று எதை வைத்துச் சொல்வீர்கள். இரண்டாவது கேள்விக்குத் திகைத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

குறைப்பதை ஒரேயடியாகச் செய்யாதீர்கள். மூன்று வகுப்பை இரண்டு வாரம் இரண்டாக, அடுத்த இரண்டு வாரம் ஒன்றாக, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்றாக. ஒவ்வொரு கட்டத்திலும் விடுபட்ட வகுப்பின் நேரத்தில் பிள்ளை அதே இடத்தில், அதே நாளில், தனியாக உட்கார்ந்து போடட்டும்; அந்த இடத்தைச் செல்போன் பிடித்துக்கொண்டால் குறைத்ததன் பலன் தெரியாது. ஐந்து கேள்விச் சோதனையில் இரண்டு வாரம் தொடர்ந்து மூன்றுக்குக் கீழே போனால், முந்தைய கட்டத்துக்கு ஒரு படி மட்டும் திரும்புங்கள், எந்தத் தலைப்பில் விழுந்ததோ அந்தத் தலைப்புக்கு மட்டும்.